லூக்காவில் ஜோடியாக ஒரு நாள் நடை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

லூக்கா இத்தாலியின் டஸ்கனி பகுதியில், பீசாவிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கும் பழைய மதில் நகரம். நான் பீசாவில் குடியிருப்பதால் ஓய்வு கிடைத்தால் போய்விடுவது அங்கேதான். ஜோடியாகப் போகத் திட்டமிடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, அடுத்த மாதம் தேனிலவு. எல்லோரும் வெரோனாவுக்குப் போ, ஜூலியட் பால்கனியைப் பார் என்கிறார்கள். நீங்கள் ஏன் லூக்கா என்கிறீர்கள்?

வெரோனா அழகான ஊர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பால்கனிக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஜூலியட் கதைப் பாத்திரம், அந்த வீட்டில் பால்கனியைக் கட்டி வைத்ததே 1930களில்தான். அதன் கீழே நூறு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள், நீங்களும் அதில் இரண்டு பேர், அவ்வளவுதான். லூக்காவில் நடப்பதுதான் வேலையே. ஊர் முழுக்கச் சமதரை, சுற்றிலும் மதில், அதனால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் தொலைந்துபோக முடியாது, போனாலும் கால் மணியில் மதிலின் ஏதாவது ஒரு வாசல் வந்துவிடும். நிஜமாகவே வாழ்ந்து செத்துப்போன ஒரு பெண்ணின் காதல் கதை வேண்டுமென்றால் அதுவும் இங்கே இருக்கிறது. கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

புளோரன்ஸில் தங்குகிறோம். காலையில் பீசா கோபுரம், மதியம் லூக்கா, இரவு திரும்பிவிடலாமா?

முடியும். புளோரன்ஸிலிருந்து லூக்காவுக்கு நேர் ரயில் ஏறக்குறைய ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். பீசாவையும் சேர்ப்பதென்றால், கோபுரத்தைப் பார்த்துவிட்டு மத்திய நிலையத்துக்குத் திரும்பி நடக்காதீர்கள். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே பீசா சான் ரொசோரே என்று சின்ன நிலையம் இருக்கிறது, லூக்கா ரயில் அங்கே நிற்கும். இவை உள்ளூர் ரயில்கள், எப்போது வாங்கினாலும் டிக்கெட் ஒரே விலை, முன்பதிவு தேவையில்லை. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம் உண்டு.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படி ஓடினால் இரண்டு ஊரையும் பார்த்த கணக்கு வரும், சேர்ந்து நடந்த நாள் என்று எதுவும் வராது. ஒரு நாளை லூக்காவுக்கே கொடுங்கள்.

காலையிலிருந்து இரவு வரை எந்த வழியாக நடப்பது என்று வரிசையாகச் சொல்லுங்களேன். நாங்கள் மெதுவாக நடக்கிறவர்கள்.

மெதுவாக நடக்கிறவர்களுக்கான ஊர்தான். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதற்குப் பின்னால் செங்கல் மதில் தெரியும். பெரிய வாசலுக்குப் போகாமல் புல்வெளிக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையைப் பிடியுங்கள். அது சான் கொலம்பானோ கொத்தளத்துக்குள் குகை மாதிரி நுழைந்து, படியேறி, மதிலின் உச்சியில் கொண்டுபோய் விடும். ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடையாது.

அங்கிருந்து இறங்கினால் சான் மார்த்தினோ பேராலயம். உள்ளே போகுமுன் முகப்பு மண்டபத்தின் வலது ஓரத் தூணைப் பாருங்கள், ஒரு சாண் அகலத்துக்கு மேல் வட்டமான புதிர்ப்பாதை ஒன்று செதுக்கியிருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் விரலால் தடவி வழி தேடியதில் கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பக்கத்தில் லத்தீனில் கிரேக்கப் புராணத்துத் தீசியஸ், அரியாட்னி கதை. அரியாட்னி கொடுத்த நூல்கண்டைப் பிடித்துக்கொண்டுதான் தீசியஸ் புதிர்ப்பாதையிலிருந்து தப்பித்தான். அப்புறம் அவளைத் தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பதைப் புதுமணத் தம்பதிகள் கண்டுகொள்ள வேண்டாம்! முகப்பில் மேலே உள்ள தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. போட்டி வைத்து, சிற்பிகள் ஆளுக்கொரு மாதிரித் தூண் செய்து அனுப்ப, லூக்காக்காரர்கள் காசு கொடுக்காமல் எல்லாவற்றையும் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை. இங்குள்ளவர்கள் கெட்டிக்காரக் கஞ்சர்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு, அந்தப் பேச்சுக்குத் தோதான கதை.

அடுத்து சான் மிகேலே சதுக்கம். அந்தத் தேவாலயத்தின் முகப்பு கட்டடத்தைவிட உயரம், பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் மேல் அடுக்குகளுக்குப் பின்னால் வெறும் வானம். அதே சதுக்கத்தில் 1881இலிருந்து நடக்கும் தத்தேயுச்சி கடையில் புச்செல்லாத்தோ வாங்குங்கள். உலர்திராட்சையும் சோம்பும் போட்ட இனிப்பு ரொட்டி, லூக்காவுக்கு வந்து இதைச் சாப்பிடாவிட்டால் வராததற்குச் சமம் என்று ஊர்ப் பழமொழியே இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இசையமைப்பாளர் புச்சினி 1858இல் பிறந்த வீடு, அவர் வெண்கலத்தில் கால்மேல் கால் போட்டு சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஓபரா பிடித்தவர்கள் உள்ளே போங்கள், மற்றவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டு நகரலாம்.

பிறகு வியா ஃபில்லுங்கோ என்ற நீண்ட கடைத்தெரு. அதிலிருந்து கிளை பிரிந்து குவினீஜி கோபுரம், சுமார் 230 படிகள், உச்சியில் ஏழு ஓக் மரங்கள். கோபுரத்தின் தலையில் தோட்டமா என்று கீழிருந்து பார்க்கும்போது நம்ப முடியாது, மேலே போனால் அந்த நிழலில் நின்றுதான் ஊரின் ஓட்டுக்கூரைகளைப் பார்ப்பீர்கள்.

அங்கிருந்து ஆம்ஃபிதியேட்டர் சதுக்கம் ஐந்து நிமிடம். ரோமானியர்கள் இரண்டாம் நூற்றாண்டில் கட்டிய அரங்கம் இடிந்து, அந்த வளைவின் மேலேயே வீடுகள் முளைத்து, 1830களில் நொத்தொலீனி என்ற கட்டடக் கலைஞர் நடுவில் அடைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அகற்றியதால் கிடைத்த முட்டை வடிவச் சதுக்கம். உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பது எல்லோரும் செய்வது. நீங்கள் வெளிச்சுற்றுத் தெருவில் ஒரு வட்டம் வாருங்கள், வீட்டுச் சுவர்களுக்குள் ரோமானிய வளைவுகள் புதைந்து கிடப்பது அங்கேதான் தெரியும். கடைசியாக சான் ஃபிரெதியானோ, முகப்பில் பொன் மொசைக் உள்ள தேவாலயம். அதன் பின்னால் மதில் ஏறினால் மாலைக்கு இடம் தயார்.

மதில் மேல் நடப்பதா, சைக்கிளா?

ஒரு சுற்று 4.2 கிலோமீட்டர். நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, சைக்கிளில் அரை மணிகூட ஆகாது. சான்தா மரியா வாசல் பக்கம் வாடகைக் கடைகள் உண்டு, இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளும் கிடைக்கும். அதை எடுத்தால் பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா இல்லையா என்று சண்டை வரும், சொல்லிவிட்டேன்.

என் ஓட்டு நடைக்குத்தான். மேலே அகலமான பாதை, இரண்டு பக்கமும் மரம், பெஞ்சு, ஓடுகிற தாத்தாக்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டி முடித்த கோட்டை மதில் இது, ஆனால் ஒரு படைகூட வந்து மோதவில்லை. வந்து மோதியது 1812இல் செர்க்கியோ ஆற்று வெள்ளம்தான், கதவுகளை அடைத்ததால் ஊர் பிழைத்தது. அப்போது லூக்காவை ஆண்டவர் நெப்போலியனின் தங்கை எலிசா. வெளியே மாட்டிக்கொண்ட அவரைப் பாரம் தூக்கும் இயந்திரத்தால் மதிலுக்கு மேல் தூக்கி உள்ளே இறக்கினார்கள் என்று சொல்வார்கள்.

சான் ஃபிரெதியானோவிலிருந்து மேற்கே போகும்போது கீழே ஃபான்னர் மாளிகைத் தோட்டம் தெரியும், எண்கோணக் குளம், கிரேக்கக் கடவுளர் சிலைகள். டிக்கெட் எடுத்தால் உள்ளேயும் போகலாம், மேலிருந்து பார்க்கக் காசு கிடையாது. அப்படியே மேற்குக் கொத்தளங்களுக்குச் சூரியன் மறையும் நேரத்தில் போய்ச் சேருங்கள்.

பேராலயத்தில் யாரோ ஒரு பெண்ணின் கல்லறை இருக்கிறதாமே, ஜோடிகள் அதைப் பார்க்கப் போகிறார்களாமே, என்ன கதை?

இலாரியா தெல் கரெத்தோ. லூக்காவை ஆண்ட பாவ்லோ குவினீஜியின் மனைவி, கல்யாணம் 1403இல். 1405 டிசம்பரில் இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோனாள். அவன் அந்தக் காலத்தில் இளம் சிற்பியாக இருந்த யாகோப்போ தெல்லா குவெர்ச்சாவைக் கூப்பிட்டு வெள்ளைப் பளிங்கில் இந்தக் கல்லறையைச் செய்யச் சொன்னான்.

தயவுசெய்து அவசரமில்லாமல் பாருங்கள். தலைக்குக் கீழே இரண்டு தலையணை, அது அழுந்தியிருப்பது கல்லில் தெரியும். கழுத்து மறைய உயர்ந்த காலர், நெற்றிக்கு மேல் துணியும் பூவும் சுற்றிய தலைப்பாகை போன்ற அணி, மார்புக்குக் கீழே இறுக்கிய கச்சையிலிருந்து கால்வரை நேராக விழும் மடிப்புகள். காலடியில் ஒரு சின்ன நாய், முகத்தைத் தூக்கி அவளையே பார்க்கிறது, எழுந்திருப்பாளா என்பது போல. விசுவாசத்துக்கு அடையாளமாக வைத்தது என்பார்கள். எனக்கு அது அடையாளமாகத் தோன்றுவதே இல்லை, அவள் வளர்த்த நாயாகத்தான் தெரிகிறது.

பாவ்லோ அதற்குப் பிறகு வேறு திருமணங்கள் செய்துகொண்டான், 1430இல் ஊர்க்காரர்களே அவனைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆனால் நிலைத்தது இலாரியாதான். கல்லறை இருக்கும் அறைக்குத் தனி டிக்கெட், கொடுக்கலாம்.

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். முதல் நண்பன் செச்சினா: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறெதுவும் இல்லை. பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு வெட்டித் தருவார்கள், நம்மூர் அடையின் மெல்லிய உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகுத்தூள் தூவச் சொல்லிச் சூடாகக் கையில் வாங்கி நடந்துகொண்டே சாப்பிடலாம். பீட்சா கடைகளில் கிடைக்கும்.

ஊரின் பெருமையான தொர்தெல்லி என்ற பாஸ்தா உள்ளேயும் இறைச்சி, மேலேயும் இறைச்சி, அதை விடுங்கள். ஃபாரோ என்ற கோதுமை வகையில் செய்யும் சூப் பார்க்கச் சைவம், பல இடங்களில் பன்றிக் கொழுப்புப் போட்டுத் தாளித்திருப்பார்கள், "சென்ஸா கார்னே?" என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது, கறாரான சைவர்கள் சீஸ் இல்லாமல் கேளுங்கள். மேலே நான் புகழ்ந்த புச்செல்லாத்தோவிலும் முட்டை சேர்ப்பதுண்டு, வாங்குமுன் விசாரியுங்கள்.

நேரமும் முக்கியம். மதியம் இரண்டரைக்குச் சமையலறை மூடினால் மறுபடி ஏழுக்கு மேல்தான். நாலு மணிக்குப் பசித்தால் செச்சினாவும் ஐஸ்கிரீமும்தான் கதி.

அவளிடம் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறேன், மோதிரம் ரெடி. குவினீஜி கோபுர உச்சி சரியாக வருமா?

வேண்டாம் தம்பி. உச்சியில் இடம் குறுகல், கூடவே இருபது பேர் இருப்பார்கள், அவள் 230 படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பாள், பதில் சொல்ல மூச்சு வேண்டாமா? மதிலின் கொத்தளங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போ. ஒவ்வொன்றும் புல்லும் மரமுமாகத் தனித் தோட்டம், காலை எட்டு மணிக்கு நாயோடு நடக்கிறவர்கள் தவிர ஆள் இருக்காது. மோதிரத்தைப் பைக்குள் போடாமல் சட்டையின் உள்பையில் வை. முந்தின நாள் இரவே லூக்காவில் தங்கினால்தான் இதெல்லாம் நடக்கும்.

எனக்கு முழங்கால் வலி, கணவருக்கு 68 வயது. எங்களுக்கும் இந்த ஊர் ஆகுமா அம்மா?

தாராளமாக. டஸ்கனியின் மற்ற ஊர்களான சியெனா, சான் ஜிமிஞ்ஞானோ எல்லாம் மேடு பள்ளம், லூக்கா அப்படி இல்லை. கோபுரங்களை விட்டுவிடுங்கள். நான் மேலே சொன்ன கொத்தள வழியில் படி உண்டு, நீங்கள் நிலையத்திலிருந்து இடப்பக்கமாக சான் பியெத்ரோ வாசல் வழியாக வாருங்கள். மதிலுக்கு ஏறச் சரிவுப் பாதைகள் இருக்கின்றன. தெருக்கள் கல் பாவியவை, மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போகக் கூடாது?

அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் காமிக்ஸ் திருவிழா, ஊரே காமிக்ஸ் பாத்திரங்களின் வேடத்தில் அலையும், அறை கிடைக்காது. அதற்காகவே வருகிறீர்கள் என்றால் சரி. ஜூலை, ஆகஸ்டில் வெயில், ஜூலையில் இசை நிகழ்ச்சிக் கூட்டமும் சேரும். ஏப்ரல், மே, செப்டம்பர் அருமை. தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் செப்டம்பர் 13. அன்று இரவு கட்டட முகப்புகளில் வரிசையாக மெழுகுவத்தி ஏற்றி, சான் ஃபிரெதியானோவிலிருந்து பேராலயம் வரை ஊர்வலம் போவார்கள்.

மழை பெய்தால்?

கொடி பிடித்துக்கொண்டு குழுவாக வருகிறவர்கள் காணாமல் போவார்கள், அது லாபம். இலாரியா, புச்சினி வீடு, நீண்ட மதிய உணவு என்று பகலை ஓட்டுங்கள். மாலையில் பேராலயத்துக்கு எதிரே உள்ள சான் ஜொவான்னி தேவாலயத்தில் புச்சினி பாடல் கச்சேரி ஏறக்குறைய வருடம் முழுக்க நடக்கிறது. நல்ல இருக்கை வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், முடிந்ததும் நேராகச் சாப்பிடப் போகலாம், அந்த நேரத்துக்கு உணவகங்கள் திறந்திருக்கும்.