வளர்ப்பால் வருமா மனநோய்?

கேள்வி: என் கொழுந்தனுக்கு மனச்சிதைவு நோய். கடைக்குட்டி என்று செல்லம் கொடுத்துக் கெடுத்தது நீதான் என்று சொந்தக்காரர்கள் என் மாமியாரையே குத்திக் காட்டுகிறார்கள். அயர்லாந்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்து, வளர்ப்பால்தான் இந்த நோய் வருகிறது என்று யாரோ எழுதியிருக்கிறார்களாமே, உண்மையா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, திண்டுக்கல்)

பதில்: எழுதினார்கள். ஆனால் அதை வைத்து உங்கள் மாமியாரைக் கூண்டில் ஏற்ற முடியாது. நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1974-ல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடும்பத்தோடு போய்த் தங்கி, 1979-ல் புத்தகம் போட்டார். ஒரு காலத்தில் நிலத்துக்கு வாரிசாகப் பிள்ளைகள் ஆசைப்பட்ட ஊர் அது. அவர் போன சமயம் எல்லாம் தலைகீழ். மூத்ததுகள் இங்கிலாந்து, அமெரிக்கா என்று கிளம்பிவிட, பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, கடைசிப் பையனை மட்டும் வெளியூர்ப் பிழைப்பெல்லாம் உனக்கு ஒத்துவராது என்று சின்ன வயசிலிருந்தே மட்டம் தட்டித் தட்டி வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண்களும் ஊரைவிட்டுப் போய்விட்டதால் அவனுக்குக் கல்யாணமும் இல்லை. மனநல மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட கல்யாணமாகாத ஆண்கள் நிறைய இருப்பதைப் பார்த்து, அவர்கள் மனம் உடைந்ததில் இந்த வளர்ப்புக்கும் பங்கு உண்டு என்றார். (கவனியுங்கள், அங்கே குற்றச்சாட்டு செல்லம் கொடுத்ததாக இல்லை, கொடுக்காததாக!) ஊர்க்காரர்களுக்குச் சரியான கோபம். 1999-ல் அவர் மறுபடி போனபோது கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

அவர் பார்த்த தனிமை பொய்யில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு, நோய்க் கணக்கு வேறு. 1950-களின் கடைசியில், முப்பது லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் ஏறக்குறைய 20,000 பேர் மனநல மருத்துவமனைகளில் கிடந்தார்கள். பிற்பாடு, புதிதாக எத்தனை பேருக்கு மனச்சிதைவு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், மற்ற நாடுகளைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே போனவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் அக்கா ஊரில் இல்லை, மனைவி இல்லை, அதனால் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊர் வழக்கம் நோயை உண்டாக்கியதோ இல்லையோ, நோயாளியின் கதி என்ன என்பதை அதுதான் முடிவு செய்தது.

மனச்சிதைவில் பரம்பரையின் பங்கு பெரிது. தாயைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர்களே ஆரம்பித்துவைத்தார்கள், அதற்கு ஆதாரம் நிற்கவில்லை. வீட்டுச் சூழல் ஒன்றுமே செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். சிகிச்சை முடிந்து திரும்பியவரை ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் காட்டினார்கள், பிறகு பல நாடுகளில் அதையே பார்த்தார்கள். ஆக, உங்கள் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசும் பேச்சுதான் இப்போது கவலைப்பட வேண்டியது, முப்பது வருஷம் முன்னால் மாமியார் ஊட்டிய சோறு இல்லை.

கேள்வி: அவனுக்கு ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?
(அதே வாசகி)

பதில்: ஆகாது. நோயை மறைத்துக் கட்டிவைத்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அழுவாள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.