ஒரே ஏணியில் ஏறாத வரலாறு

கேள்வி: மனித இனத்தின் முழு வரலாற்றையும் இனி வரப்போவதையும் ஒரே தொகுதியில் சொல்லிவிடும் நூல்கள் இப்போது பெரிதும் விற்பனையாகின்றன. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்கலாமா?
(ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: இவற்றை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். வேட்டை, வேளாண்மை, நகரம், அரசு, தொழிற்சாலை, கணினி என்று மனிதர் அனைவரும் ஒரே ஏணியில் ஏறி வந்ததாக இந்நூல்கள் காட்டுகின்றன. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. துருக்கியின் கோபெக்லி தெபேயில், வேளாண்மை வேரூன்றுவதற்கு முன்பே, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னர், வேட்டையாடி வாழ்ந்த மக்கள் பெருங்கற்றூண்களைச் செதுக்கி நிறுத்தினார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மழைக்காடு ஆதிமனிதர் வாழ ஒவ்வாத இடம் என்றே ஆய்வாளர் பலர் நெடுங்காலம் கருதியிருக்க, நமது களுத்துறை மாவட்டத்தின் பாகியன்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் எலும்பில் அம்புமுனை செய்து, குரங்கையும் அணிலையும் வேட்டையாடி, மழைக்காட்டை நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது, நடந்தவை எல்லாவற்றையும் மனிதகுலத்தின் தலையில் பொதுவாகச் சுமத்தும் போக்கு. மலையகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் கண்டறியப்பட்ட இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் சில பத்தாண்டுகளுக்குள் அப்பயிரை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில்தான் ஆட்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், தமிழகத்திலிருந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு லயன்கள் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில் தங்கும் நிலை உருவானது. அவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலானோரை 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. ஒரு பூஞ்சணம், தோட்ட முதலாளிகளின் இலாபக் கணக்கு, குடியேற்ற ஆட்சி, பின்னர் சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் என்று இதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. ‘தொழில்மயம் பரவியது’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் நூலில் யார் தீர்மானித்தார், யார் அனுபவித்தார் என்பதே காணாமற் போகிறது.

எதிர்காலக் கணிப்புகளிலும் இதே குறைதான். நூறு ஆண்டுகளில் வாரத்துக்குப் பதினைந்து மணிநேர வேலை போதும் என்று 1930 இல் பொருளியலாளர் கெயின்ஸ் எதிர்பார்த்தார். உற்பத்தி பன்மடங்காகும் என்ற அவர் கணிப்புப் பெருமளவு பலித்தது. அதன் பயன் ஓய்வாக எல்லோருக்கும் வந்துசேரும் என்பதே பொய்த்தது. ஆகவே, இயந்திரங்கள் வந்தால் மனிதருக்கு வேலையே இராது என்று எழுதும் நூலை உங்கள் மாணவர்கள் கையில் எடுக்கும்போது, கட்டுநாயக்கவில் ஆடை தைக்கும் பெண்ணின் வேலை எவருடைய முடிவால் போகும், அந்த இலாபம் எவர் கைக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு அந்நூலில் பதில் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.