மெர்சியே திருடனா?

கேள்வி: மொன்றியலில் ஒரு பெரிய பாலத்துக்கு ஹொனோரே மெர்சியே என்று பெயர். வக்கீல், பத்திரிகை ஆசிரியர், கனடாவின் கியூபெக் மாகாண முதல்வர் என்று அடுக்குகிறார்கள். ரயில்வே லஞ்சத்தில் பதவி பறிபோன ஆள்தானே அவர்? திருடன் என்று தீர்ப்பான பிறகும் எதற்கு இந்த மரியாதை? (மொன்றியல் வாசகர் ஒருவர்)

பதில்: தீர்ப்பா? எந்தக் கோர்ட் கொடுத்தது? மெர்சியேயை இறக்கியது நீதிபதி அல்ல, துணைநிலை ஆளுநர். அவர் மேல் வழக்கு நடந்தது அதற்கு அப்புறம், 1892-ல், அதுவும் வேறொரு ஒப்பந்த விவகாரத்தில். அதில் விடுதலையாகிவிட்டார்.

பாலத்தை வைத்து ஆளை எடை போடாதீர்கள். அது திறக்கப்பட்டது 1934-ல். அப்போது அதே பெயர் கொண்ட அவருடைய மகன் கியூபெக்கில் அமைச்சர். மருமகன் லோமெர் கூவான் 1905 முதல் 1920 வரை முதல்வராக இருந்தவர். பெயர் சூட்டியதில் இதற்கெல்லாம் பங்கே இல்லை என்று நம்ப நான் தயாரில்லை.

மரியாதைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 1840-ல் பிறந்த விவசாயி மகன், இயேசு சபைக் கல்லூரியில் படித்து, 1862-ல் சேன்-யாசிந்த் ஊரில் கன்சர்வேட்டிவ் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியரானார். ஆனால் கனடாவை ஒரே கூட்டாட்சியாக்கும் திட்டத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சிறுபான்மையாகிவிடுவார்கள் என்று சொல்லி அந்த முகாமிலிருந்தே வெளியேறினார். நடுவில் வக்கீல், தலைநகர் ஒட்டாவாவில் எம்.பி., 1883-ல் கியூபெக் லிபரல் தலைவர் என்று வழக்கமான ஏணிதான், அதை விட்டுவிடுவோம்.

1885 நவம்பர் 16-ல் கனடா அரசுக்கு எதிராகக் கிளர்ந்த மெத்தி மக்களின் (பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்த இனம்) தலைவர், பிரெஞ்சு பேசும் லூயி ரியேலை ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். ஆறு நாள் கழித்து மொன்றியலின் ஷான் த மார்ஸ் மைதானத்தில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் 'நம் சகோதரர் ரியேல் இறந்துவிட்டார்' என்று தொடங்கிய மெர்சியே, கட்சி பேதத்தை மறந்து ஒன்றுசேரச் சொன்னார், கொஞ்சம் கன்சர்வேட்டிவ்காரர்களும் வந்து சேர்ந்தார்கள், அந்தக் கூட்டணியை வைத்தே 1887 ஜனவரியில் முதல்வரானார். ஒரு சாவு அவருக்கு அரசியல் லாபமாகவும் ஆனது, மறுக்கமாட்டேன். ஆனால் பதவிக்கு வந்ததும் அதை மறந்துவிடவில்லை. அதே வருஷம் அக்டோபரில் மாகாண முதல்வர்களைக் கியூபெக் நகரத்துக்கு அழைத்து மாநாடு நடத்தினார். மாகாணச் சட்டங்களை ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, ரத்து செய்யும் அதிகாரத்தை எடுக்க வேண்டும், மானியத்தை உயர்த்த வேண்டும் என்று ஐந்து மாகாணங்கள் சேர்ந்து கேட்டன. பிரதமர் மக்டொனால்ட் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்ட இயேசு சபையின் பழைய சொத்துக்களுக்கு 4,00,000 டாலர் நஷ்டஈடு கொடுத்து, புராட்டஸ்டன்ட் கல்விக்கும் 60,000 டாலர் ஒதுக்கினார். புராட்டஸ்டன்ட்கள் நிறைந்த ஒன்டாரியோ மாகாணம் கொதித்தது, அந்தச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி ஒட்டாவாவில் வந்த தீர்மானம் 188-க்கு 13 என்று தோற்றது. தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளி திறந்தார். பன்னிரண்டு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு 100 ஏக்கர் நிலம் என்றும் ஒரு சட்டம் போட்டார், அந்தத் தாய்மார்களிடம் யோசனை கேட்டாரா என்று மட்டும் தெரியவில்லை.

சரி, லஞ்சத்துக்கு வருகிறேன். பே தெ ஷலேர் ரயில்பாதைக்கு மாகாண அரசு கொடுத்த 1,75,000 டாலரில் 1,00,000 டாலர், ஒப்பந்தக்காரர் வழியாக எர்னெஸ்ட் பாக்கோ கைக்குப் போனது. பாக்கோ லிபரல் கட்சிக்குப் பணம் திரட்டுபவர், கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர். இது நடந்தது உண்மை, அசிங்கம், இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அந்தப் பேரம் மெர்சியேக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான் சொல்வேன். விசாரிக்கப் போட்ட மூன்று நீதிபதிகளில் இருவருடைய இடைக்கால அறிக்கை வந்ததுமே, மூன்றாமவருக்குக் காத்திராமல், 1891 டிசம்பர் 16-ல் ஆளுநர் ஆன்ஜே அவரை டிஸ்மிஸ் செய்தார்.

யார் இந்த ஆன்ஜே? பழைய கன்சர்வேட்டிவ் அமைச்சர். 1878-ல் ஒரு லிபரல் ஆளுநர் பூஷெர்வில் என்ற முதல்வரை இதேபோல டிஸ்மிஸ் செய்தபோது, அந்த மந்திரிசபையில் இருந்து வீட்டுக்குப் போனவர். 1891-ல் மெர்சியேயை நீக்கிவிட்டு யாரை முதல்வராக்கினார் தெரியுமா? அதே பூஷெர்வில்லை. பதின்மூன்று வருஷத்துப் பழைய கணக்கு! ஆனால் மெர்சியேயும் அப்பாவி இல்லை, 1878-ல் அப்படிப் பின்வாசல் வழியாக வந்த லிபரல் அரசில் அடுத்த வருஷம் அமைச்சராக உட்கார்ந்தவர்தான் அவர்.

உங்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்: 1892 மார்ச்சில் தேர்தல் வந்தபோது கியூபெக் மக்களும் அவர் கட்சியைப் படுதோல்வி அடைய வைத்தார்கள். அதே வருஷம் திவாலானார். போப்பாண்டவரிடம் கோமகன் பட்டம் வாங்கி ஐரோப்பாவை ஆடம்பரமாகச் சுற்றியவர், செலவுக்குக் குறைவே வைக்காதவர். கடைசியில் கனடா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார், 1894 அக்டோபரில் இறந்தார்.