குறைந்த பணத்தில் நல்ல ஹெல்மெட்: நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக ஹெல்மெட் விற்பனையைக் கவனித்துவருகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் விலையையும் அடுத்து நிறத்தையும் கேட்கிறார்கள். தம் தலைக்கு எந்த அளவு பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர் மாதத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். கையில் பணம் குறைவாக இருக்கிறவர்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி (பேட்டை): அண்ணாச்சி, நான் கொத்தனார் வேலை பார்க்கிறேன். தினமும் மொபெட்டில் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்வருகிறேன். ஆயிரம் ரூபாய் அளவில்தான் செலவிட முடியும். சாலையோரத்தில் 250 ரூபாய்க்கு ஹெல்மெட் விற்கிறார்கள். போலீஸ் அபராதத்திலிருந்து தப்பிக்க அது போதாதா?

பதில்: தம்பி, அபராதத்திலிருந்து தப்பிக்கவே அது போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டைப் பட்டை மாட்டி அணிய வேண்டும் என்கிறது. மீறினால் 194டி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதமும், மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைப்பும் உண்டு. ஒருமுறை பிடிபட்டுக் கட்டும் பணத்துக்கே நல்ல ஹெல்மெட் வந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் அப்படிப்பட்ட 250 ரூபாய் ஹெல்மெட் ஒன்றை வாங்கி, கடையின் பின்கட்டில் வைத்து ஹாக்ஸா பிளேடால் நடுவே அறுத்துப் பார்த்தேன். ஓடு கட்டைவிரலால் அமுக்கினாலே உள்வாங்கியது. அதற்குள் கறுப்புத் துணியும் விரற்கடை கனம்கூட இல்லாத பஞ்சும் இருந்தனவே தவிர, தெர்மாகோல் என்ற பொருளே இல்லை. பிறகு, விற்க இயலாமல் ஒதுக்கி வைத்திருந்த 1100 ரூபாய் ஹெல்மெட் ஒன்றையும் அறுத்தேன். உச்சியில் ஏறக்குறைய மூன்று செ.மீ. கனத்துக்கு நெருக்கமான தெர்மாகோல் அடுக்கு இருந்தது. உயிரைக் காப்பது அந்த அடுக்குதான். தலை தரையில் மோதும் நொடியில் அது நசுங்கி, தலை சட்டென்று நின்றுவிடாமல் சற்றே நீண்ட நேரத்தில் நிற்குமாறு செய்கிறது. வெளியோடு, அடியை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பிக் கொடுக்கிறது. பஞ்சு தலைக்குச் சுகமாக இருப்பதற்காக வைக்கப்படுவது. அடியை அது தாங்காது.

1000 முதல் 1300 ரூபாய்க்குள் ஸ்டட்ஸ், ஸ்டீல்பேர்ட், வேகா போன்ற நிறுவனங்களின் படம் போடாத, ஒற்றை நிற, முழுமுக ஹெல்மெட்டுகள் கிடைக்கும். அதே ஹெல்மெட்டில் படம் ஒட்டியிருந்தால் இருநூறு, முந்நூறு ரூபாய் கூடும், பாதுகாப்பு கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கட்டட வேலைக்குத் தருகிற மஞ்சள் தொப்பியை அணிந்துகொண்டு வண்டி ஓட்டாதீர்கள். மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்குவதற்காக அது செய்யப்பட்டது. சாலையில் பக்கவாட்டில் விழும் தலையை அதனால் காக்க இயலாது.

கேள்வி (வீரவநல்லூர்): ஐ.எஸ்.ஐ. முத்திரையே போலியாக வருகிறது என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை நம் நாட்டில் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. ஆகவே முத்திரையைப் போலியாக ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் இட்டால், எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்காக உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். செயலியில் வரும் பெயரும் ஹெல்மெட்டில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், ரசீது கேளுங்கள். ரசீது தரத் தயங்குகிற கடையில் ஹெல்மெட் வாங்க வேண்டாம்.

கேள்வி (சேரன்மகாதேவி): கல்லூரி மாணவன். அண்ணனுடைய ஹெல்மெட்டைப் போட்டால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணை மறைக்கிறது. புதிதாக வாங்கும்போது அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இதுதான், ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தையற்காரர் வைத்திருக்கும் டேப்பை எடுத்து, புருவத்துக்கு மேலே இரண்டரை செ.மீ. உயரத்தில், காதுகளுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மூன்றுமுறை அளந்து, அதில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஹெல்மெட்டுகளில் அளவை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். 580 என்றால் 58 செ.மீ., 600 என்றால் 60 செ.மீ. ஆனால் இரண்டு நிறுவனங்களின் 580 ஒரே மாதிரி அமையாது. சிலருக்குத் தலை வட்டமாகவும் சிலருக்கு முன்னும் பின்னும் நீண்டும் இருக்கும் என்பதால் எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

கடையில் பட்டையின் இரு முனைகளையும் வெளிப்புறமாக விரித்துப் பிடித்துக்கொண்டு தலையில் இறக்குங்கள். கன்னம் இரண்டும் லேசாக உள்ளே தள்ளப்பட்டு, வாய்க்குள் கன்னச்சதை பல்லில் படுமளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி. பிறகு ஹெல்மெட்டை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே இழுபட வேண்டும். தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரிது. அடுத்து, பட்டையை மாட்டிக்கொண்டு, பின்னங்கழுத்துப் பக்கமுள்ள விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்துவிட்டால், விபத்தில் உங்கள் தலைக்கு முன்பாக அது சாலையில் உருண்டு போய்விடும். கடைசியாக, கழற்றாமல் பத்து நிமிடமாவது கடையிலேயே நில்லுங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஒவ்வாது. வேறு மாடலைப் பாருங்கள்.

புதிதில் சற்று இறுக்கமாகத் தோன்றுவதை எடுங்கள். சில வாரங்களில் பஞ்சு படிந்து இடம் கொடுத்துவிடும். நாங்குநேரியிலிருந்து வந்த ஒருவர், நான் எடுத்துச் சொல்லியும் கேளாமல், கழற்றி மாட்ட எளிதாக இருக்கிறது என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிப் போனார். ஆறு மாதம் கழித்து மழையில் வழுக்கி விழுந்தபோது ஹெல்மெட் தனியே தெறித்துவிட்டது. தலையில் பதினொரு தையலோடு பிழைத்து வந்து, இம்முறை அவரே டேப்பைக் கேட்டு வாங்கினார்.

கேள்வி (திருநெல்வேலி டவுன்): எங்கள் அப்பா காலத்தில் யார் ஹெல்மெட் போட்டார்கள்? இது உண்மையிலேயே காக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்தில் டி.இ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற படைவீரர் 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், அந்த இழப்பை மறக்காமல், ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு சென்றவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் வெளியிட்டார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்றுவரை நடக்கிறது. 2008-இல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விபத்தில் சிக்கியவர்களுக்கு ஹெல்மெட் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பது தெரியவந்தது.

கேள்வி (களக்காடு): வாழைத்தோட்டத்துக்கு வெயிலில் போய்வருகிறேன். முழுமுக ஹெல்மெட்டுக்குள் வெந்துபோகிறது. முகம் திறந்த ஹெல்மெட் போதாதா?

பதில்: சித்திரை வெயிலில் உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது; நானும் அதே வெயிலில்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் முழுமுகத்தையே சொல்வேன். வண்டியிலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் முன்னோக்கி விழுகிறார். தாடையும் முகமும் முதலில் தரையைத் தொடுவது மிகவும் சாதாரணம். முகம் திறந்த ஹெல்மெட்டில் அந்த இடத்தில் உங்கள் எலும்பைத் தவிர எதுவும் இல்லை. வாய்ப்பகுதியிலும் உச்சியிலும் காற்று நுழையவும், பின்புறம் வெளியேறவும் துளைகள் உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். துளை வெறும் அலங்காரமா, உள்ளே தெர்மாகோலிலும் வழி விட்டிருக்கிறார்களா என்று பஞ்சை விலக்கிப் பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் துளை ஓட்டோடு நின்றுவிடுகிறது. வெளிர் நிறம் வாங்குங்கள். தலையில் மெல்லிய பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டிக்கொண்டு அணிந்தால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்.

கேள்வி (பணகுடி): காற்றாலையில் வேலை. ஆனி, ஆடியில் நான்குவழிச் சாலையில் போகும்போது காற்று தலையையே திருகுகிறது. 3000 ரூபாய் வரை செலவிடத் தயார்.

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று உங்கள் சாலையைக் குறுக்கே அறைகிறது. காவல்கிணற்றை நோக்கிப் போகும்போது வலப்பக்கமாக அடித்து, லாரி உங்களை வலப்பக்கமாக முந்தும் நேரத்தில் சட்டென்று நின்று, அது கடந்து போனதும் மறுபடி அறையும். எனவே நெற்றிக்கு மேல் கூரை நீட்டிய, இன்று இளைஞர்கள் விரும்பும் அட்வெஞ்சர் மாடலை நீங்கள் வாங்கவே கூடாது. அந்தக் கூரை காற்றில் பாய்மரமாகிவிடும். உருண்டையான, வழவழப்பான முழுமுக ஹெல்மெட்டாக, எடை குறைந்ததாக எடுங்கள். 3000 ரூபாயைத் தொட்டால் எஸ்.எம்.கே., ஆக்ஸர், எல்.எஸ்.2 போன்றவற்றின் தொடக்க மாடல்களில், இந்தியத் தரத்தோடு ஐரோப்பிய இ.சி.இ. தரச் சான்றும் பெற்றவற்றைத் தேடலாம். கன்னப் பஞ்சு கழற்றி மாற்றத்தக்கதா என்றும் கேளுங்கள். தளர்ந்துபோனால் பஞ்சை மட்டும் மாற்றி இறுக்கத்தை மீட்கலாம்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): நான் ஆசிரியை. கொண்டையும் பூவும் வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட முடியவில்லை. எண்ணெய்த் தலையால் உள்ளே நாற்றமும் வருகிறது.

பதில்: தங்கச்சி, கொண்டைக்கு இடம் விட வேண்டும் என்று பெரிய அளவு வாங்கிவிடாதீர்கள், எங்கள் கடைக்கு வரும் பெண்களிடம் நான் காணும் பெரிய தவறு அதுதான். கழுத்துக்குக் கீழே தாழ்த்திப் பின்னல் போட்டுக்கொண்டு, பள்ளிக்குச் சென்றபின் கொண்டையாக்கிப் பூ வைத்துக்கொள்ளுங்கள். கழற்றித் துவைக்கக்கூடிய பஞ்சு உள்ள மாடலுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம், தகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவால் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர் எதையும் ஹெல்மெட்டின் அருகில் கொண்டுபோகாதீர்கள். அவை தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

கேள்வி (மேலப்பாளையம்): ஐந்து வயது மகளுக்கும் வேண்டுமா?

பதில்: வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் சட்டம் பொருந்தும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் ஹெல்மெட்டும் பிடிப்புப் பட்டையும் தேவை. அவர்களை ஏற்றிச் செல்லும்போது வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெரியவர் ஹெல்மெட்டுக்குள் துணியைத் திணித்துக் குழந்தைக்குப் போடுவது கழுத்துக்குக் கேடு. குழந்தையைக் கடைக்கு அழைத்து வந்து, எடை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (தென்காசி): குற்றாலச் சாரலில் கண்ணாடி பனிபோல் மூடிக்கொள்கிறது. கறுப்புக் கண்ணாடி போடலாமா? தெரிந்தவரின் பழைய ஹெல்மெட் 500 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்: பனிமூட்டத்துக்குக் கண்ணாடியின் உட்புறத்தில் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பில் ஒரு துளியைத் தடவி, மெல்லிய துணியால் படலம் மட்டும் நிற்குமாறு துடையுங்கள்; வாய்ப்பகுதித் துளையைத் திறந்து வையுங்கள். கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டுமே ஆகும். சாரல் மேகத்திலும் அந்தியிலும் அது கண்ணைக் கட்டியதற்குச் சமம். தூசி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் உலர்வாகத் துடைக்காதீர்கள். கீறல் விழுந்தால் எதிர்வரும் விளக்கொளி முழுவதும் சிதறித் தெரியும்; கண்ணாடியை மட்டும் புதிதாக வாங்கி மாட்ட அதிகம் செலவாகாது.

பழைய ஹெல்மெட்டை வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டு நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியோட்டில் தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். அடிபடாவிட்டாலும் அன்றாடம் அணிவதை ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி (தச்சநல்லூர்): அறுபத்தெட்டு வயது அப்பா ஹெல்மெட் போடுகிறார், பட்டையை மாட்டமாட்டார். விரல் நடுங்குகிறது என்கிறார். சண்டை போட்டுப் பயனில்லை.

பதில்: சண்டை வேண்டாம்; பூட்டை மாற்றிப் பாருங்கள். இரட்டை வளையத்தில் பட்டையைக் கோத்து இழுக்கும் வகை உறுதியானதுதான், ஆனால் நடுங்கும் விரலுக்குக் கடினம். பல் பல்லாக உள்ள நாக்கைச் செருகினால் டக்கென்று பூட்டிக்கொண்டு, சிவப்பு நாடாவை இழுத்தால் விடுபடும் மைக்ரோமெட்ரிக் பூட்டு இன்று 1200 ரூபாய் ஹெல்மெட்டுகளிலேயே வருகிறது. அப்பாவையும் கடைக்கு அழைத்துச் சென்று, ஒற்றைக் கையால் பத்துமுறை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். தாடைக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு நீளத்தைக் கடைக்காரரையே சரிசெய்யச் சொல்லிவிட்டால், பிறகு தினமும் செருகுவதுதான் அவர் வேலை. அம்மா அவருக்குப் பின்னால் அமர்ந்து போகிறவரானால் அவருடைய தலையையும் அன்றே அளந்து ஒன்று வாங்கிவிடுங்கள்.