கனடா: பின்னால் வரும் சாமான்களுக்கு வரி உண்டா?

கோத்தகிரியிலிருந்து கனடாவில் குடியேறப் போகிறீர்கள்; பின்னால் கப்பலில் வந்த சாமானுக்கு நண்பருக்கு வரி போட்டார்களே, எனக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வரி கட்ட வேண்டாம். ஆனால் கோத்தகிரி வீட்டில் விட்டுப்போகும் கால் தையல் மிஷின், பித்தளைப் பாத்திரம், நகை எல்லாவற்றையும் நீங்கள் குடியேற முதன்முதலாக இறங்கும் அன்றே சுங்க அதிகாரியிடம் பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஆறு மாதம் கழித்துக் கப்பலில் வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் நண்பருக்கு வரி போட்டது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்: கையிலிருந்த பெட்டிகளை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பார்.

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: கூட வருபவை, பின்னால் வருபவை. இரண்டிரண்டு பிரதி. ஒவ்வொன்றுக்கும் கனடா டாலரில் மதிப்பும், இருந்தால் கம்பெனி, மாடல், சீரியல் எண்ணும் வேண்டும். நகைக்கு 'தங்கச் சங்கிலி 1' என்பது போதாது. மதிப்பீட்டுச் சீட்டில் உள்ள வர்ணனையை அப்படியே எழுதி, போட்டோவும் வையுங்கள். அதிகாரி கோப்பு எண் போட்டுத் தரும் பி.எஸ்.எஃப். 186 (சொந்தச் சாமான்களைப் பதியும் சுங்கப் படிவம்) படிவத்தின் பிரதியை வாங்காமல் நகராதீர்கள். சாமான் வந்து சேரும்போது அதைத்தான் கேட்பார்கள்.

சாமான்களை மூட்டை கட்டுமுன் தோட்டத்து பூட்ஸ், கவாத்துக் கத்தி, மிஷின் கால் இவற்றின் இடுக்குகளைப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தால் அங்கே அனுமதி இல்லை. பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டே கட்டுங்கள். மலை ஈரத்தில் அவசரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஒன்று கவனம்: சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருளுக்குத்தான் இந்த விலக்கு. டப்பா பிரிக்காத புது மிக்ஸிக்குக் கிடையாது. (அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸி எப்படியும் சரியாக ஓடாது.) வரியில்லாமல் கொண்டுபோனதை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட நேரும்.