அம்மாவின் சேமலாப நிதியில் பட்டம் வாங்க வேண்டாம்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் மகனோடு வந்திருந்தார். மகன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. ஒரு சி, இரண்டு எஸ். அரச பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதாது. கொழும்பில் இருக்கும் மாமா அங்கே ஒரு தனியார் கெம்பஸில் வர்த்தக முகாமைத்துவப் பட்டத்துக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். கட்டணத்துக்கு என்ன வழி? தாய்க்கு வருகிற ஆண்டு 50 வயது. அந்த வயதில் பெண்கள் வேலையை விட்டு நின்றால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். அதை எடுத்துக் கட்டிவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பையனோ பெறுபேறு வரும்வரை பண்டாரவளையில் ஒரு மேசன் பாஸோடு, அதாவது கைதேர்ந்த கொத்தனாரோடு, வேலைக்குப் போனவன். அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸின் சீமெந்துத் தரைக்கு அசிட் ஸ்டெயின், அதாவது அமிலம் கலந்த நிறமேற்றி, போட்டதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. “இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க” என்றுதான் அந்தத் தாய் கேட்டார்.

அவருக்குச் சொன்னதை, இதே யோசனையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

அக்கா, நாலு தலைமுறையாகக் கையால் உழைத்துவிட்டோம், இவனாவது மேசையில் உட்காரட்டும் என்று சொன்னீர்கள். அந்த ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் இந்தப் படிப்பு அவனை மேசைக்குக் கொண்டுபோகும் என்று யார் சொன்னது? மாமா சொன்னார், கெம்பஸில் இருந்து பேசியவர் சொன்னார். பையன் ஒரு தடவையாவது சொன்னானா? நான் அவனிடம் தனியாகக் கேட்டேன். கணக்கீட்டுப் பாடத்தை உயர்தரத்திலேயே வெறுத்துப் படித்தவன், அதையே இன்னும் மூன்று நான்கு வருடம் காசு கட்டிப் படிக்கப் போகிறான்.

இப்போது செலவு. சேமலாப நிதியை எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் தோட்டத்து மலை வேலையை விட்டு நிற்க வேண்டும். ஆகவே போவது அந்தத் தொகை மட்டுமில்லை, உங்கள் மாதச் சம்பளமும் சேர்ந்து போகிறது. கட்டணம் தவிர கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, பஸ், போன் என்று மாதாமாதம் காசு அனுப்ப வேண்டும். அதை யார் அனுப்புவது? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: உங்கள் முதுமைக்கு இருக்கிற ஒரே பணத்தைப் பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்குக் கட்டாதீர்கள். நகையை அடகு வைத்தும் வேண்டாம், வட்டிக்கு வாங்கியும் வேண்டாம்.

ஆசிரியர், தாதியர், வெளிநாடு ஆகிய வழிகளைப் பற்றி உங்கள் லயத்திலேயே பத்துப் பேர் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பையன் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையைப் பற்றித்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

பங்களாக்களிலும் பழைய குவாட்டர்ஸ்களிலும் சிவப்புச் சீமெந்துத் தரை பார்த்திருப்பீர்கள். அதில் நிறத்தூளை மேல்பூச்சிலேயே கலந்து தேய்த்திருப்பார்கள். உங்கள் மகன் சொல்வது வேறு. ஏற்கனவே இறுகிய கொங்கிரீட்டின் மேல் இரசாயனத்தைத் தெளித்து, அந்தத் தரையையே நிறம் மாற வைப்பது. அசிட் ஸ்டெயின் என்பது ஐதரோகுளோரிக் அமிலம் கலந்த நீரில் இரும்பு, மங்கனீசு, செம்பு போன்ற உலோக உப்புகளைக் கரைத்தது. சீமெந்து இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, உண்டாகிறது. அமிலம் மேற்பரப்பைத் திறந்துவிட, உலோக உப்பு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து நிறமாகிறது. இரும்பு செம்மண் நிறமும் பழுப்பும் தரும், மங்கனீசு கரும்பழுப்பு, செம்பு பச்சையும் நீலமும். பெயின்ட் மேலே படலமாகக் கிடப்பதால் உரிந்து வரும். இது தரையின் தோலிலேயே சேர்ந்துவிடுவதால் உரியாது. ஒரே டின்னிலிருந்து எடுத்தாலும் இரண்டு தரை ஒரே மாதிரி வராது. பளிங்கு போல மேகம் மேகமாக வரும் அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான் விடுதிக்காரர்கள் இதைக் கேட்கிறார்கள்.

வேலையின் பாதி தெளிப்பதற்கு முன்பே முடிகிறது. புதுத் தரையென்றால் 28 நாளாவது ஆற வேண்டும். பழைய தரையென்றால் மெழுகு, பெயின்ட், டைல்ஸ் பசை எல்லாம் போக வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: துளி உருண்டு நின்றால் ஸ்டெயின் இறங்காது, உறிஞ்சினால் சரி. அவசரக்காரர்கள் கடையில் விற்கிற டொய்லட் அசிட்டை ஊற்றிக் கழுவித் தயார் பண்ணுவார்கள். அது நிறத்துக்கு வேண்டிய சுண்ணாம்பையே தின்றுவிடும், பிறகு எந்த ஸ்டெயினும் ஒழுங்காகப் பிடிக்காது. இதைப் பையன் எனக்கு விளக்கினான் அக்கா, நான் கேட்காமலே.

தெளிக்கும் டாங்கியில் உலோகப் பாகம் இருக்கக் கூடாது, அமிலம் அரித்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் மலையில் மருந்தடிக்கும் வேலை செய்பவர். ஒரே சீராகக் கையை வீசி, திட்டு விழாமல் அடிப்பது எவ்வளவு பழக்கம் வேண்டிய வேலை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கை மகனுக்கும் வந்திருக்கிறது. ஆனால் மருந்தடித்த டாங்கியை இதற்கு எடுக்கவே கூடாது, புதிது வாங்க வேண்டும். தெளித்ததும் தரை நுரைத்துச் சீறும். சில மணி நேரம் விட்ட பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, வெள்ளைத் துணியில் கறை ஏறாமல் வரும்வரை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சீலர், அதாவது நிறத்தைக் காக்கும் மேல்பூச்சு, பூச வேண்டும். சீலர் பூசாவிட்டால் நடக்க நடக்கத் தேய்ந்துவிடும்.

மலையகத்தில் இந்த வேலைக்கு எதிரி ஈரம். மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட தரையில் கீழிருந்து ஈரம் ஏறும். பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டால், காலையில் உள்ளே வியர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வியர்த்த தரையில் செம்பு கலந்த பச்சை, நீல ஸ்டெயின் நாளடைவில் கறுத்துப்போகும், சீலர் வெள்ளையாகப் பூக்கும். அங்கே அமிலமில்லாத, தண்ணீரில் கரைந்த ஸ்டெயினைப் போட வேண்டும், அல்லது வேலையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பாஸ்மார் நுவரெலியாக் குளிரில் அதே நாட்கணக்கில் காயும் என்று நினைத்துச் செய்தால் கெட்டுப்போகும். இந்த மலையில் வளர்ந்த பையனுக்கு அது தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் திம்புள்ளைப் பக்கம் காய்ந்து நல்ல தேயிலை வரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை நம் பக்கம் மழையில் கிடக்கும்போது ஊவாப் பக்கம் காற்றடித்துக் காய்ந்திருக்கும், அவர்களுடைய நல்ல தேயிலை அப்போதுதான். இதே கணக்குத்தான் தரை வேலைக்கும். வருடத் தொடக்கத்தில் ஹட்டன், நுவரெலியா. ஆடி, ஆவணியில் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல. ரயில் ஏறினால் போகிற தூரத்துக்குள் காய்ந்த தரை கிடைக்கும்.

சரி, எங்கே படிப்பது? இதற்கென்று தனிப் பாடநெறி தேடி அலைய வேண்டாம். முதலில் மேசன் வேலையைச் சான்றிதழோடு படிக்கட்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும், வேலைத்தளத்திலேயே பழக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் இருக்கின்றன. தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைந்த செலவு. தமிழில் நடக்கிறதா என்று பதியும் முன்பே கேளுங்கள். பின்னால் “சிங்களத்தில்தான்” என்று சொன்னால் பையன் பாதியில் நின்றுவிடுவான். தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பட்டம் என்ற வார்த்தை மாமாவுக்கு அவ்வளவு முக்கியமென்றால், அந்தக் கதவு இங்கேயும் திறந்துதான் இருக்கிறது. ஏற்கனவே வேலை தெரிந்தவர்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் உண்டு. அந்த மேசன் பாஸுக்கும் அதைச் சொல்லுங்கள்.

சான்றிதழுக்குப் படிக்கும்போதே ஸ்டெயின் வேலையைப் பாஸோடு பழகட்டும். டின்னில் ஒட்டியிருப்பதை வாசித்து விளங்கும் அளவு ஆங்கிலம் வேண்டும். வாடிக்கையாளரிடம் விலை பேசும் அளவு சிங்களம் வேண்டும். இந்த இரண்டுக்கும் வகுப்புக்குக் காசு கட்டினால் நான் சந்தோஷப்படுவேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெயினும் சீலரும் பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் ரூபா விழுந்தபோது இப்படியான பொருளெல்லாம் எங்கே போய் நின்றது என்று பார்த்தோம். ஒரு தடவை விழுந்த நிறத்தை அழிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் சிறு துண்டு போட்டுக் காட்டி, வீட்டுக்காரர் சம்மதித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். தொடக்கத்தில் ஸ்டெயின் வேலை மட்டும் கிடைக்காது, பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் செய்துதான் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் முதலில் மேசன் சான்றிதழ் என்கிறேன்.

உடம்பு விஷயத்தில் அப்பாவும் அம்மாவும் கண்டிப்பாக நில்லுங்கள். அமில ஆவிக்கு உரிய சுவாசக் கவசம், கண்ணாடி, கையுறை இல்லாமல் அவன் டின்னைத் திறக்கக் கூடாது. துணியைக் கட்டிக்கொண்டு செய்கிறேன் என்றால் விடாதீர்கள். கலக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. தரையை அரைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், ஈரமாக அரைக்கட்டும். கழுவிய தண்ணீரை வடிகால் கானில் விடாமல் துடைத்துச் சேர்க்கட்டும். நம் ஊரில் மேலே விடும் தண்ணீர் கீழே யாரோ ஒருவர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகிறது. செம்பு கலந்தால் ஓடையில் மீன் சாகும்.

மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உயர்தரம் படிக்க வைத்து மேசனாக்கவா என்பார். தோட்டத் தொழிலாளர் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் கேட்டு, 2021இல்தான் கிடைத்தது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். உங்கள் நாட்கூலியை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார். உங்கள் மகன் சதுர அடிக்கு இவ்வளவு என்று தானே விலை சொல்லப் போகிறான். அதை அவமானம் என்று அவர் நினைத்தால், கெம்பஸ் கட்டணத்தை அவரே கட்டுவாரா என்று கேளுங்கள். கட்டினாலும், பையன் ஆம் என்று சொன்னால் மட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான்: கெம்பஸுக்குப் பதிவுப் பணம் கட்டாதீர்கள். சேமலாப நிதி விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பையனை அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பயிற்சி நிலையத்துக்குப் போய், மேசன் பாடநெறி தமிழ்மொழியில் எப்போது தொடங்குகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மாமா கோபித்தால் என் நம்பரைக் கொடுங்கள், அவரோடு நான் பேசுகிறேன்.