‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’: வரிக்கு வரி சந்தேகம்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைப் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சஸின் சான் ஆன்டோனியோவில், ஹோட்டல் அறையில் பதிவு செய்த இந்தப் பாட்டு பற்றி வந்த கேள்விகள்.

கே: நாற்சந்தியில் சைத்தானுக்கு ஆன்மாவை விற்ற கதைதானே இது?

ப: பாட்டில் சைத்தானே கிடையாது. பாட்டில் பேசுகிறவன் நாற்சந்திக்குப் போய் எடுத்த எடுப்பில் மண்டியிடுகிறான். இரக்கம் கேட்பதும் மேலே இருக்கும் ஆண்டவனிடம்தான். ஆன்மாவைப் பேரம் பேசிய அந்தக் கதை டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் லெடெல் சொன்னது. சைத்தான்தான் வேண்டும் என்றால் 1937இல் டல்லாஸில் பதிவான ‘மீ அண்ட் த டெவில் ப்ளூஸ்’ கேளுங்கள். அங்கே விடிகாலையில் வந்து கதவைத் தட்டுகிறான்.

கே: பிறகு எதற்கு இவ்வளவு பதற்றம்?

ப: பொழுது சாய்கிறது என்கிறானே, அதைக் கவனியுங்கள். அதற்கு முன்பே வண்டிகளுக்குக் கை காட்டிப் பார்த்துவிட்டான். தெரிந்த முகம் இல்லை, எல்லாரும் கடந்து போகிறார்கள். அன்றைய மிசிசிப்பியில் இருட்டிய பிறகு அந்நிய ஊர்ச் சாலையில் தனியாக நிற்கும் கறுப்பரை, ‘வேலையற்றுத் திரிபவன்’ என்று பிடித்து உள்ளே தள்ளச் சட்டமே இருந்தது. கும்பல் கொலை பயம் வேறு. பேயை விட இது நிஜமான பயம் என்பது என் வாசிப்பு.

கே: ஒரே வரியை ஏன் இரண்டு தடவை பாடுகிறார்?

ப: ப்ளூஸின் வழக்கமான கட்டுமானம் அது: 12 பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று), மூன்று வரி, வரிக்கு நான்கு பார். ஏ சுருதியில் வாசித்தால் முதல் வரி ஏ கார்டில் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), இரண்டாவது டி-யில், மூன்றாவது இ-யில் தொடங்கும். சொல் மாறாது, அடியில் கார்டு மாறும். அதனால் இரண்டாம் முறை அழுத்தம் கூடுகிறது. மூன்றாம் வரிதான் பதில். ஆனால் ஜான்சன் பாரை நீட்டுவார், குறைப்பார். விரல் விட்டு எண்ணிக்கொண்டு கூடவே வாசித்தால் தடுக்கி விழுவீர்கள்.

கே: பாட்டில் பெயர் வரும் வில்லி பிரவுன் யார்?

ப: நிஜ மனிதர். சார்லி பாட்டன், சன் ஹவுஸ் என்ற ப்ளூஸ் பாடகர்கள் இருவரோடும் வாசித்த, மிசிசிப்பி டெல்டா பகுதிக் கிட்டார் கலைஞர். ‘நான் மூழ்குகிறேன் என்று அவனிடம் போய்ச் சொல்லுங்கள்’ என்று பாட்டில் பேசுகிறவன் அவருக்குத் தூது விடுகிறான்.

கே: இதே பாட்டை பிரிட்டிஷ் ராக் குழுவான கிரீம் பாடியதில், மிசிசிப்பியின் ரோஸ்டேல் ஊர் வருகிறதே?

ப: ‘டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்’ என்ற இன்னொரு ஜான்சன் பாட்டிலிருந்து எடுத்து ஒட்டியது, 1968 பதிவில். அதை வைத்து ‘அந்த நாற்சந்தி ரோஸ்டேலில்தான்’ என்று வாதாடாதீர்கள்.